கண்டக்டர் கேசட்டும் கீழ்வீட்டு அக்காவும்

அக்கா எழுதிய வீடியோ விளையாட்டுகள் எல்லாம் ஒரு கேள்வியோடுதான் தொடங்கும். திரையில் "ஆரம்பிக்கலாமா?" என்று வரும். அதன் கீழே இரண்டு பதில்கள்: சரி, வேண்டாம். விளையாடத்தான் கையில் எடுக்கிறோம், அப்புறம் யார் 'வேண்டாம்' அமுக்கப் போகிறார்கள்? ஆனாலும் ஒரு முறை வம்புக்கு அமுக்கிப் பார்த்தேன். "பரவாயில்லை, இன்னொரு நாள் பார்ப்போம்" என்று எழுத்து வந்தது. பிறகு ஒரு பூனை நடந்து வந்து, சுருண்டு படுத்து, தூங்கிவிட்டது. விளையாட்டை எழுத அவருக்குப் பத்து நாள் ஆனதாம். அந்தப் பூனை சுருள்வதற்கு மூன்று வாரம். வேண்டாம் என்கிறவரையும் மரியாதையாகத்தானே அனுப்பி வைக்கணும் என்றார்.

ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து லிங்கராஜபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் நான்கு வருடம் இருந்தேன். கீழ்ப் போர்ஷனில் அவர் தனியாக இருந்தார். ஏன் தனியாக என்று நான் கேட்டதில்லை. எங்கள் இருவரில் கேள்வி கேட்பது அவர் வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து நர்சிங் ஹோமில் எக்ஸ்ரே எடுப்பார். ஞாயிறு காலை சர்ச், மதியம் பிரியாணி, அதன் பிறகு முழுக்க அந்தக் கருவிதான்.

கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கைக்குள் அடங்கும் சாம்பல் நிறப் பெட்டி. பாசி படிந்தது போல் பச்சையாக ஒரு சின்னத் திரை. முதுகில் பிளாஸ்டிக் கேசட்டைச் சொருகினால் விளையாட்டு வரும். வராவிட்டால் கேசட்டை எடுத்து 'பூ' என்று ஊதி மறுபடி சொருக வேண்டும். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் இருந்தது. துபாயிலிருந்து வந்தது, எங்களைத் தொட விடமாட்டார்கள். செய்த கம்பெனியே அதை மறந்து பல காலம் ஆகிவிட்டது. மறக்காதவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அதற்குப் புதிதாக விளையாட்டு எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். குப்பைக்குப் போன கேசட்டுகளைத் தேடிப் பிடித்து, உள்ளே இருப்பதை அழியும் முன் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வைக்கிறார்கள். பெங்களூரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மொத்தப் பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அக்கா அதில் ஒருவர். அவர் தயவால் நானும் ஓரமாக ஒட்டிக்கொண்டேன்.

ஆரம்பம் ஒரு ரிப்பேரில்தான். சிறு வயது ஆசையை விடாமல் சண்டே பஜாரில் ஒரு பழைய கருவி வாங்கி வந்தேன், உயிர் வரவில்லை. கீழ்வீட்டு அக்காவிடம் கொடுங்கள் என்றார் வீட்டுக்காரர். கொண்டு போனேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "திறக்கட்டுமா தம்பி?" என்றார். ரிப்பேருக்குக் கொண்டு வந்தவனிடம் இது என்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். முதல் ஸ்க்ரூவில் வைத்த கையோடு நிமிர்ந்தார். இதில் துரு இருக்கு, தலை மழுங்கிவிடலாம், எடுக்கட்டுமா என்றார். இப்படியே ஆறு ஸ்க்ரூவுக்கும். நான் பொறுமை இழந்து, மொத்தமாக ஒரு சரி சொல்லிவிடுகிறேன், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததுக்கு எப்பிடி தம்பி மொத்தமா சரி சொல்லுவீங்க?"

பதில் சொல்ல முடியாத மாதிரி கேட்பார், அதுதான் எரிச்சல். ஆனால் கருவி அன்று மாலையே உயிர் பெற்றுவிட்டது.

வேலையிடத்திலும் அப்படித்தான். பானசவாடிப் பக்கம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கியபோது அவரிடம்தான் எக்ஸ்ரேவுக்குப் போனேன். என் முறைக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரில் ஒரு முதியவர், சுத்தமாக நினைவில்லை. அக்கா அவர் காதருகே குனிந்து கன்னடத்தில், "கை முட்டலா?" என்று கேட்டார். தொடட்டுமா என்று அர்த்தம். கேட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் நின்றார். பிறகுதான் கையை நகர்த்தினார். ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரித்தார். அவர்தான் பதில் சொல்லவில்லையே அக்கா என்று பிறகு சீண்டினேன். சொல்றதுக்கு டைம் குடுத்தேன்ல என்றார்.

இதெல்லாம் கேட்க அழகாக இருக்கும். கூட இருந்தால் தெரியும். பொம்மனஹள்ளியிலிருந்து ஒருவர் கல்லூரிக் காலத்து கேசட் ஒன்றைக் கொண்டு வந்தார். அந்தக் கேசட்டுக்குள் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆட, நாம் சேமித்து வைத்ததை அதுதான் காப்பாற்றும். பேட்டரியை மாற்றினால் சேமித்தது போய்விடும். உள்ளே இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்று ஒரு பெண்ணின் பெயர். இரண்டும் போகட்டும், புது பேட்டரி போட்டுக் கொடுங்கள் என்றார் அவர். உங்களுடையதை அழிக்கிறேன், அந்தப் பெயருக்கு உரியவரைக் கேட்காமல் முடியாது என்றார் அக்கா. அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ, உயிரோடு இருக்கிறாளோ, எனக்கே தெரியாது மேடம் என்று அந்த ஆள் கத்தினார். அக்கா கேசட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். என்னைக் கேட்டால் நியாயம் அந்த ஆள் பக்கம்தான். அன்று அதை அக்காவிடமே சொன்னேன். இருக்கலாம் தம்பி என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டாலும் மாற மாட்டார்.

கண்டக்டர் கேசட் கிடைத்ததும் சண்டே பஜாரில்தான். தார்ப்பாயில் ரிமோட், சார்ஜர் குவியலுக்கு நடுவே மேல்மூடி இல்லாத கேசட் போல ஒரு பச்சை சர்க்யூட் பலகை கிடந்தது. அக்கா அதை எடுத்துப் பார்த்தவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கடையில் விற்ற கேசட் இல்லை அது. விளையாட்டு எழுதுகிறவர்கள் சோதித்துப் பார்க்க வைத்துக்கொள்வது. அதில் இருக்கும் சிப்பின் தலையில் விரல்நக அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அந்த ஜன்னல் வழியாக நாள்கணக்கில் வெயில் பட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். அதனால் மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைப்பார்கள். அந்த ஸ்டிக்கரில் பேனாவால் 'கண்டக்டர் 7' என்று தமிழில் எழுதியிருந்தது. கீழே ஏழு இலக்கத்தில் ஒரு போன் நம்பர்.

காப்பி எடுத்தோம். ஓடியது. ஓடியது மட்டுமில்லை, அருமையாக ஓடியது. நெரிசலான டவுன் பஸ். முன்னும் பின்னும் பிதுங்கும் ஆட்களுக்கு நடுவே கண்டக்டர் நுழைந்து நுழைந்து அடுத்த ஸ்டாப்புக்குள் எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் பஸ் குலுங்கும், கண்டக்டர் மல்லாக்க விழுவார், சில்லறை தெறிக்கும், பஸ்ஸே வாயைத் திறந்து திறந்து மூடிச் சிரிக்கும். பெருவிரல் உயரம்கூட இல்லாத அந்த உருவத்தில் காதில் செருகிய பேனா தெரிந்தது. தோல்பையின் கனத்தில் இடது தோள் இறங்கியிருப்பதுகூடத் தெரிந்தது. பிறர் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கும் டெஸ்டிங் வேலைதான் எனக்கு ஆபீஸில். ஆடிப் பார்த்துச் சொல்லட்டும் என்று அக்கா ஒரு காப்பியை என் மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தார். போடட்டுமா என்று கேட்டுத்தான்.

இந்த விளையாட்டு எங்கும் வெளியானதில்லை. உலகத்தில் யாருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எங்கள் பைத்தியக்காரர்கள் கூடும் இணையக் குழுவில் பலகையின் போட்டோவை மட்டும் போட்டேன். ஒரே ஆரவாரம். எப்போது தருவீர்கள், எப்போது தருவீர்கள் என்று எங்கெங்கிருந்தோ கேட்டார்கள். அதுவரை எனக்காக யாரும் எதற்கும் காத்திருந்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

எழுதியவரைக் கேட்டாச்சா என்றார் அக்கா.

போன் நம்பர்கள் எட்டு இலக்கமானபோது பெங்களூரில் எல்லாரும் முன்னால் சேர்த்துக்கொண்ட இரண்டை அந்த ஏழு இலக்க நம்பருக்கும் சேர்த்துப் போட்டார். பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மணி அடித்தது. எங்கள் மாடியில் அந்தக் காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது, வெளிநாட்டுக்காரர்களுக்கு விளையாட்டு செய்து கொடுத்தார்கள், மூடிவிட்டார்கள் என்றார் கடைக்காரர். அதில் இருந்த ஒருவர் இன்னும் ஜெராக்ஸுக்கு வருவார், ஜோகுபாளையத்தில் வீடு, நம்பர் தரட்டுமா என்றும் கேட்டார். அக்கா வேண்டாம் என்றார். அவரிடம் நீங்கள் கேளுங்கள், அவர் சரி என்றால் தாருங்கள். இதற்கே ஒரு வாரம் போயிற்று.

அதை எழுதியவரே அவர்தான் என்று தெரிந்தது, ஐம்பது வயது இருக்கும். இப்போது தண்ணீர் ஃபில்டர் சர்வீஸ் வேலை. வாசல் கதவைத் திறந்தது அவர் அப்பா. பனியனும் வேட்டியுமாக நின்ற அந்த முதியவரின் இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. விசாரித்ததில் ரிட்டயர்டு சிட்டி பஸ் கண்டக்டர்தான். வாங்க, காபி குடிங்க என்றவர் மறுபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

மகன் பலகையைக் கையில் வாங்கினார். ஸ்டிக்கரிலிருந்த தன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். அக்கா கருவியை நீட்டியபோது ஒரு பட்டனைக்கூட அமுக்கவில்லை. இதை நெட்டில் போடலாமா, உங்கள் பெயரோடு என்று அக்கா கேட்டார். அவர் டிவி பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும் மேடம்," என்றார்.

எனக்குச் சந்தோஷம். படியிறங்கியதும், கிடைச்சாச்சு அக்கா, போட்டுடலாம் என்றேன்.  பஸ் ஸ்டாப்பில் அக்கா கேட்டார், இருக்கட்டும்னா என்ன தம்பி அர்த்தம்? இருக்கட்டும் என்றால் இருக்கட்டும்தான், இதில் என்ன என்றேன். குடையை இங்கேயே வெச்சுட்டுப் போகவான்னு கேட்டு இருக்கட்டும்னா, சரின்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் சாதம் போடவான்னு கேட்டு இருக்கட்டும்னா, வேணாம்னு அர்த்தம். அவர் குடைக்குச் சொன்னாரா, சாதத்துக்குச் சொன்னாரா? இதைக் கேட்காமல் வந்தது தன் தப்பு என்றார். அடுத்த ஞாயிறு மறுபடி போய்க் கேட்போம்.

எனக்கு வெறுத்துவிட்டது. ஒரு மனிதர் சரி என்ற பிறகும் சந்தேகப்பட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது? குழுவில் நச்சரிப்பு தாங்கவில்லை. வியாழக்கிழமை என் கார்டிலிருந்த காப்பியைக் குழுவில் போட்டேன். போட்டதோடு நிற்காமல், 'இந்த நிஜக் கண்டக்டரை நான் நேரில் பார்த்தேன், தோள்கூட அப்படியே' என்று ஒரு வரியும் சேர்த்தேன். பாராட்டு கொட்டியது. ஒரு ஆள் தான் விளையாடுவதை வீடியோ எடுத்துப் போட்டிருந்தார். வேண்டுமென்றே கண்டக்டரை விழ வைத்து விழ வைத்து, சோபாவில் உருண்டு உருண்டு சிரிப்பதுதான் அந்த வீடியோ.

ஞாயிறு வந்தது. இந்த முறை மகன் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து நின்று தணிந்த குரலில் பேசினார். அப்பாவை வைத்துத்தான் வரைந்தாராம். விழுவதும் சிரிப்பதும் முதலில் இல்லையாம். தமாஷாக ஏதாவது வேண்டும் என்று ஆபீஸில் சொன்னதால் சேர்த்தாராம். ஏழாவது முறை திருத்தி முடித்ததும் ஆசையாக வீட்டுக்குக் கொண்டு வந்து அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். அப்பா மூன்று முறை விளையாடினார். மூன்று முறையும் விழுந்தார். பஸ்ஸே சிரித்தது. நல்லாருக்குடா என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனவர் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பெனி மூடியபோது இவருக்கு நிம்மதியாக இருந்ததாம்.

"எங்கப்பாவைப் பாத்து இனிமே ஒருத்தன்கூட சிரிக்கக் கூடாது மேடம். அன்னைக்கு வேணாம்னுதான் சொன்னேன்."

புரியாமல் போனதற்கு அக்கா மன்னிப்புக் கேட்டார். பலகையை அவர் கையில் கொடுத்து, அழிக்கணும்னா ஸ்டிக்கரை எடுத்துட்டு வெயில்ல வைங்க, வெச்சுக்கணும்னா எடுக்காதீங்க, ரெண்டும் உங்க இஷ்டம் என்றார். லேப்டாப்பைத் திறந்து தன்னிடமிருந்த காப்பியை அவர் கண்ணெதிரே அழித்தார். பிறகு, தம்பி, உங்க கார்டுலயும் என்றார். நானும் எடுத்து அழித்தேன். அழிக்கும்போது மகன் என்னைப் பார்த்து நன்றி என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு அருவருப்பாக எந்த நன்றியும் பட்டதில்லை.

அல்சூர் ஏரிக்கரையோரம் நடந்து வரும்போது அக்காவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். திரும்ப எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். குழுவிலிருந்து அப்போதே எடுத்தேன். ஆனால் காப்பி எடுத்தவர்கள் எடுத்ததுதானே? அந்த வாரம் முழுக்க அக்கா அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினார். அழித்துவிடுவீர்களா என்று கேட்டுத்தான். சிலர் அழித்தோம் என்றார்கள். சிலர் கேலி செய்தார்கள். வீடியோ போட்டவர் பதிலே தரவில்லை.

அப்புறம் ஒரு மாலை மாடிக்கு வந்தார். ஜோகுபாளையம் போகணும், நீங்கதான் அவர்கிட்ட சொல்லணும் என்றார்.  எதற்கு அக்கா, அவர்கள் அந்தக் குழுவுக்கெல்லாம் வரப்போவதில்லை, தெரியாமல் இருந்தால் அவர்களுக்கும் நிம்மதிதானே என்றேன்.

"தெரியாம இருக்கட்டுமான்னு அவரைக் கேட்டாச்சா?"

இந்த மாதிரி ஒரு மனுஷியோடு எப்படி வாதாடுவது? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் டிக்கெட் கேட்டு நீட்டிய கையைக்கூட என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

போன நேரம் மகன் வீட்டில் இல்லை. பெரியவர்தான் இருந்தார். ஃபில்டர் மாத்தப் போயிருக்கான், வந்துடுவான், உக்காருங்க என்றார். உட்கார்ந்ததும் அவரே அலமாரியிலிருந்து எதையோ எடுத்து வந்து டீப்பாயில் வைத்தார். ஸ்டிக்கர் உரித்த அந்தப் பலகை. கண்ணாடி ஜன்னல் பளபளவென்று தெரிந்தது.

"இது உங்களோடதா மா? மொட்டை மாடியில காய வெச்சிருக்கான். இன்னா வடாமா இது, காய வெக்க? காக்கா தூக்கினு போயிடும்னு நேத்துதான் எடுத்தாந்தேன்."

அக்கா என்னைப் பார்த்தார். மகன் வரட்டும் என்று நான் தப்பித்திருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டிய ஆள் இவர்தான் என்று எனக்கே தோன்றியது. அவரிடமே சொன்னேன். உங்கள் மகன் வேண்டாம் என்று சொன்னதை நான் ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டேன் ஐயா. அதில் நீங்கள் விழுவதைப் பார்த்து யார் யாரோ சிரிக்கிறார்கள். தப்பு என்னுடையது.

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நானா? நான் எங்க விழுந்தேன்?" என்றார்.

போட்டுக் காட்டட்டுமா ஐயா என்று அக்கா கேட்டார். காட்டு மா என்றார் அவர். அக்காவின் கைப்பையில் மற்றவர்கள் குடை வைத்திருப்பது போல் அந்தக் கருவி எப்போதும் இருக்கும். பலகையைச் சொருகினார். சில நாள் வெயில் குடித்திருந்தும் ஓடியது. ஒரு பயணிக்கு மட்டும் பாதி முகம் போயிருந்தது. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பட்டனை அமுக்கினார். ஒரு விசில் சத்தம் கேட்டது. பஸ் கிளம்பியது. கண்டக்டர் விழுந்தார். பஸ் கெக்கெக்கே என்று சிரித்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி விழுந்தார். மூன்றாவது முறையும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பவும் இப்பிடித்தான் இருந்துச்சு," என்றார் பெரியவர். "ஒரு விசிலுன்னா வண்டி நிக்கணும் மா. ரெண்டு விசிலு அடிச்சாத்தான் கிளம்பணும். இதுல ஒரு விசிலுக்கே எடுத்துடறான். அப்பொறம் ஆளு விழாம இன்னா பண்ணுவான்?"

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா என்றார் அக்கா. 

"நல்லாருக்கான்னு கேட்டான், நல்லாருக்குன்னேன். வண்டி எப்பிடி எடுப்பாங்கன்னு என்னை யாரும் கேக்கலியே."

அந்தச் சிரிப்பு அவரைத் தொடவே இல்லையா, தொட்டதை எங்களுக்காக மறைத்துக்கொண்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நிமிர்ந்தபோது வாசலில் மகன் நின்றிருந்தார். தோளில் டூல்ஸ் பை, கையில் ஹெல்மெட். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அப்பா கையிலிருந்த கருவியை, எங்களை, மறுபடி கருவியை மாறி மாறிப் பார்த்தார். நான் எழுந்து, சார், நான் வந்து என்று ஆரம்பித்தேன். பெரியவர் கையமர்த்திவிட்டார்.

"அது கிடக்குது உடு. தப்பு விசிலு ஊரு பூரா போயிருக்குதாம். இப்பிடி வா, உக்காரு. மொதல்ல சத்தத்த மாத்து."

"எனக்குத் தெரியலப்பா," என்றார் மகன்.  ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தார். பெரியவர் வாயைக் குவித்து விசில் அடித்துக் காட்டினார். ரெண்டு, சின்னதாக, அடுத்தடுத்து. மகன் தலையை ஆட்டி, இன்னொரு தடவைப்பா என்றார்.

ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் எல்லாரும் 'வரட்டுமா' என்று கேட்கிறோம். பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அக்கா எதிர்பார்ப்பார். 'சரி, வாங்க' என்று வாயால் சொன்னால்தான் செருப்பில் கால் வைப்பார். யாராவது மறந்துபோனால் வாசலிலேயே நிற்பார். அன்று எழுந்தவர், கண்ணால் எனக்கு வாசலைக் காட்டினார். தன் கருவியைத் திருப்பிக் கேட்கவில்லை. வரட்டுமா என்றும் கேட்கவில்லை. சத்தம் வராமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார், நானும் அவர் பின்னாலேயே இறங்கினேன்.